கால் வலியின் வேரைத் தேடிய வைத்தியர்

மூட்டை தூக்கியும், கல்லாவில் நெடுநேரம் உட்கார்ந்தும் பிழைக்கும் நமக்கு, இடுப்பில் கிளம்பித் தொடை வழியே பாதம்வரை சுள்ளென்று இறங்கும் வலி புதிதல்ல. சயாட்டிகா எனும் அவ்வலியை ஆராய்ந்து புகழ்பெற்றவர் டொமெனிக்கோ கொட்டுன்யோ.

1736-ல் தென் இத்தாலியின் ரூவோ என்ற ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். நேப்பிள்ஸ் நகரில், தீராப் பிணியாளருக்கென இருந்த ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். அக்காலத்தார் இவ்வலியை இடுப்பு மூட்டு நோயோடு சேர்த்துக் குழப்பி வந்தனர். மூட்டு வலி வேறு, நரம்பு வலி வேறு என்று 1764-ல் லத்தீன் மொழியில் நூலெழுதி விளக்கினார். அப்போது அவருக்கு வயது 28.

காரணம் சொல்வதில் மட்டும் தவறினார். நரம்பின் உறையில் தேங்கும் நீரே காரணமென எண்ணினார். ஆயினும் அவ்வாராய்ச்சியிலேயே தண்டுவடத்தைச் சூழ்ந்துள்ள நீரை விவரித்துப் பெரும் பேர் பெற்றார். பின்னர் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு போதித்து, 1822-ல் காலமானார்.

முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பு வேரை நெருக்குவதே பெரும்பாலும் காரணமென்பதை, 1934-ல் அமெரிக்க வைத்தியர்கள் மிக்ஸ்டரும் பாரும் எடுத்துக்காட்டினர். முதுமையில் எலும்பு வளர்ந்து வழி குறுகுவதும் உண்டு.

ஆகவே வலி காலில், வேரோ முதுகில். காலுக்குத் தைலம் தேய்த்தால் மட்டும் போதாது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணியும். படுத்தே கிடக்க வேண்டாம். சிறுநீர், மலம் கட்டுப்படாமற் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ கடையை அடைத்துவிட்டு அன்றே ஆஸ்பத்திரி செல்லுங்கள்.