சேற்றில் சுழலும் சக்கரமும் ஹாரி பெர்குசனும்

ஸ்ரீரங்கம், லால்குடி பக்கம் சேற்றுழவின்போது டிராக்டரின் ஒரு பின்சக்கரம் வீணாகச் சுழல, மற்றொன்று அசையாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் டிஃபரன்ஷியல். திருப்பத்தில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் உருள உதவும் இந்தப் பற்சக்கரத் தொகுதி, சேற்றில் பிடிப்பில்லாத சக்கரத்தையே சுழலவிடுகிறது.

சக்கரப் பிடிப்புக்காக உழைத்தவர் ஹாரி பெர்குசன். 1884-ல் இன்றைய வட அயர்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அண்ணனின் பட்டறையில் தொழில் கற்று, 1909-ல் தானே செய்த விமானத்தில் பறந்தார்.

அக்காலத்தில் கலப்பை கல்லில் மாட்டினால், டிராக்டர் முன்பக்கம் தூக்கி ஓட்டுபவர் மீதே கவிழும். அதைத் தடுக்க, ஹைட்ராலிக்குடன் கூடிய மூன்று புள்ளி இணைப்பை உருவாக்கினார். கலப்பையின் பாரம் பின்சக்கரங்களில் இறங்கியதால் பிடிப்பும் கூடியது. இன்று உங்கள் டிராக்டரின் பின்னால் இருப்பதும் அதே இணைப்புதான்.

1950-க்குப் பின், நான்கு சக்கரங்களுக்கும் விசை தந்து, நடு டிஃபரன்ஷியலில் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் கார்களுக்காகப் பாடுபட்டார். 1960-ல் மறைந்தார். அவர் நிறுவனத்தின் பி99 கார் 1961-ல் இங்கிலாந்தில் பந்தயம் வென்றது. அவர் மறைந்த ஆண்டில்தான் சென்னையில் டாஃபே தொடங்கி, மாசி பெர்குசன் டிராக்டர்கள் நமக்குக் கிடைத்தன.

உங்கள் டிராக்டரில் டிஃபரன்ஷியல் லாக் பெடல் இருந்தால், சக்கரம் சுழலும்போது மிதிக்காதீர்கள். கிளட்ச்சை மிதித்து, சக்கரம் நின்றபின் லாக் போட்டு, நேராக மெதுவாக நகர்த்துங்கள். வரப்போரம் திரும்பும்முன் கட்டாயம் விடுவியுங்கள். மறந்தால் வண்டி திரும்ப மறுக்கும், பற்சக்கரமும் உடையும்.