மாடிப்படி விளக்கும் கடையக்குடி மேதையும்

மாடி வீடுகளில் படிக்கட்டு விளக்குக்கு இரண்டு சுவிட்சுகள் வைத்திருப்பார்கள். ஒன்று கீழே, இன்னொன்று மேலே. கீழ்ச் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும். மேலே போய் மற்றதைத் தட்டினால் அணைந்துவிடும். ஒன்றை மட்டும் தட்டினால் வெளிச்சம். இரண்டையும் தட்டினால் இருட்டு! குழந்தைகளுக்கு இது ஒரு விளையாட்டு. இந்த விளையாட்டுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கை ஆராய்ந்தவர்களில் ஒருவர், புதுக்கோட்டைச் சீமையில் பிறந்த தமிழர்.

அவர் பெயர் டாக்டர் ஆர். வைத்தியநாதசாமி. கணிதம் படித்தவர்கள் நன்கு அறிந்த பெயர்.

1894-ம் ஆண்டு அவர் பிறந்தார். அப்போது புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். அதில் கடையக்குடி என்ற சிற்றூர்தான் அவருடைய சொந்த ஊர். கணிதத்தில் கொண்ட ஆசை அவரைக் கடல் கடக்கச் செய்தது. ஸ்காட்லாந்தில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் சர்வகலாசாலையில் டர்ன்புல் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு கேம்பிரிட்ஜில் பேக்கர் என்ற மேதையிடம் பயின்றார். தாயகம் திரும்பிச் சென்னை சர்வகலாசாலையில் சேர்ந்து, நெடுங்காலம் பணியாற்றினார். 1931-ல் எண்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரையை அமெரிக்காவின் சிறந்த கணிதப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது.

இவ்வளவு புகழ் வந்த பிறகு வேறொருவராயிருந்தால் பழைய பாதையிலேயே நடந்திருப்பார். வைத்தியநாதசாமிக்கோ வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அந்த வயதில் ஒரு புது பாஷையில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அது மனிதர் பேசும் பாஷை அல்ல; தர்க்கத்தின் பாஷை.

அந்தப் பாஷையை உண்டாக்கியவர் ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலேயர். செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். பெரும்பாலும் தாமே படித்து முன்னுக்கு வந்தவர். 1854-ல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். ‘இதுவும் அதுவும்’, ‘இது அல்லது அது’, ‘இது இல்லை’ என்று நாம் பேசுகிறோமே, அந்தச் சொற்களையே கூட்டல் பெருக்கல் போலக் கணக்காக்கிக் காட்டினார். சுண்டைக்காய் விஷயம் போலத் தோன்றும். ஆனால் அதன் இலக்கணம் ஆழமானது.

அந்த இலக்கணத்தில்தான் வைத்தியநாதசாமி இறங்கினார். பாலையும் தண்ணீரையும் கலந்துவிட்டால் மறுபடி பிரிக்க முடியாது. ‘அல்லது’ என்ற சொல்லும் அப்படித்தான், சேர்த்தது சேர்த்ததுதான். மாடிப்படி விளக்கின் விதி அப்படியல்ல. தட்டிய சுவிட்சையே இன்னொரு முறை தட்டினால் பழைய நிலை திரும்பி வந்துவிடும். பூலின் கணக்கில் இப்படித் திரும்பி வரக்கூடிய செய்கைகள் எவை என்று 1930-களின் பிற்பகுதியில் அவர் ஆராய்ந்து எழுதினார்.

ஏறக்குறைய அதே சமயம், 1937-ல், அமெரிக்காவில் கிளாட் ஷானன் என்ற 21 வயது இளைஞர் வேறொரு பக்கமாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். மின்சார சுவிட்சுகளும் பூலின் கணக்குப்படியே நடக்கின்றன என்று அவர் காட்டினார். கம்ப்யூட்டரின் கதை அங்கே சூடு பிடித்தது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்த எண்கள் 0, 1 இரண்டே. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் அந்த இடத்தில் 0 எழுதி, 1-ஐ அடுத்த இடத்துக்குக் கொண்டு போகும். அந்த 0 எப்படி வந்தது? இரண்டு சுவிட்சையும் தட்டினால் இருட்டு என்ற மாடிப்படி விதிதான்! இன்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதப் பழகும் எஞ்சினீயரும் முதல் சில பாடங்களுக்குள் ‘உம்’, ‘அல்லது’, ‘இல்லை’ என்ற மூன்றையும் கற்றாக வேண்டும்.

வைத்தியநாதசாமி யந்திரத்தைத் தேடிப் போகவில்லை. அவர் நாடியது இலக்கணத்தை. ஓய்வு பெற்ற பின் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சிறிது காலம் இருந்தார். இந்தியாவின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் 1950-களின் நடுவில் வந்து இறங்கியது அந்தக் கழகத்தில்தான். பிறகு திருப்பதி சர்வகலாசாலையிலும் அவர் பேராசிரியராக இருந்தார்.

1947-ல் அவர் எழுதிய கணிதப் புத்தகம் ஒன்று மாணவர்களிடம் பெரும் பெயர் பெற்றது. இடவியல் என்ற புதுத்துறை பற்றியது அது. 1960-ல் நியூயார்க்கில் அதை மறுபடி அச்சிட்டார்கள். கடையக்குடி மேதை காலமானதும் அந்த ஆண்டில்தான்.