சிசுநாள ஷரீப்: இரு சமயத்தார் போற்றும் பாடகர்

விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமைதோறும் கிறிஸ்தவர்களோடு இந்துக்களும் முஸ்லிம்களும் வரிசையில் நின்று வணங்குகின்றனர். வட கர்நாடகத்தில் ஹாவேரி மாவட்டத்துச் சிசுவினஹாள கிராமத்திலும் இத்தகைய காட்சியைக் காணலாம். அங்கே இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து வணங்குவது ஒரு பாடகரின் சமாதியை. அவர்தான் சந்தர் சிசுநாள ஷரீப்.

1819-ஆம் ஆண்டில் அக்கிராமத்தில் ஓர் ஏழை முஸ்லிம் குடும்பத்தில் ஷரீப் பிறந்தார். தந்தை இமாம் சாகிபு. கன்னடம் கற்றுத் தேறிய ஷரீப், சில காலம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். ஆனால் அவர் மனம் ஞானத்தை நாடியது. கோவிந்த பட்டர் என்ற அந்தணரைக் குருவாக ஏற்றார். முஸ்லிம் இளைஞரை அந்தணர் சீடராகக் கொள்வதா என்று ஒருபுறமும், அந்தணர் பின்னே முஸ்லிம் செல்வதா என்று மறுபுறமும் கண்டனம் எழுந்தது. குரு தமது பூணூலையே சீடருக்கு அணிவித்தார் என்பது மக்களிடையே வழங்கும் கதை. எதிர்ப்புக்கு இருவரும் அஞ்சவில்லை.

மணமான சில ஆண்டுகளில் ஷரீப் மனைவியை இழந்தார். வறுமையும் விடவில்லை. எனினும் ஊர் ஊராகச் சென்று பாடினார். ஒழுகும் வீடு, தம்பூரா, ராட்டை என்று பாமரர் அன்றாடம் காணும் பொருள்களைக் கொண்டே உடலின் நிலையாமையையும் உயிரின் தவிப்பையும் விளக்கினார். குரங்கைக் கோழி விழுங்கியதாகப் பாடும் அவருடைய புதிர்ப்பாட்டு புகழ் பெற்றது. தமிழில் சித்தர் பாடல்களையும், ஏறத்தாழ அக்காலத்தவரான குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடல்களையும் அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று.

1889-இல் ஷரீப் மறைந்தார். இரு சமயத்தாரும் தத்தம் முறைப்படி இறுதிச் சடங்குகள் செய்தனர் என்பர். பாடல்கள் கிராமத்தார் வாய்மொழியாகவே வாழ்ந்து வந்தன.

அவற்றை நகரத்தார் செவிக்குக் கொண்டு சேர்த்தவர்களில் முதன்மையானவர் சி. அஸ்வத். 1939-இல் பிறந்த இவர், தமிழர் பலரும் பணிபுரிந்த பெங்களூர் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை பார்த்தவர். வேலையையும் விடாமல், இசையையும் விடாமல், ஷரீப்பின் பாடல்களுக்கு மெட்டமைத்துத் தம் கணீர்க் குரலில் பாடி ஒலிநாடாவாகத் தந்தார். சிமோகா சுப்பண்ணாவும் அப்பாடல்களைப் பாடிப் பரப்பினார். கிராமத்துப் பாட்டு வீடுகளிலும் கடைகளிலும் ஒலிக்கலாயிற்று.

1990-இல் டி.எஸ். நாகாபரணா ஷரீப்பின் வாழ்க்கையைத் திரைப்படமாக்கினார். குருவாக கிரீஷ் கர்னாட் நடித்தார், இசை அஸ்வத். தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது அப்படத்துக்குக் கிட்டியது.

2009 டிசம்பர் 29-ஆம் நாள், தமது எழுபதாவது பிறந்த நாளன்றே அஸ்வத் காலமானார். ஷரீப்புக்கு அவர் செலுத்திய இசையஞ்சலி இன்றும் ஒலிக்கிறது. வாழ்நாளில் இரு சமயத்தாரின் ஏச்சையும் கேட்ட ஏழை ஆசிரியர், மறைந்து நூறாண்டுக்குப் பின்னரும் இரு சமயத்தாரையும் ஒரே பாட்டைக் கேட்க வைத்திருக்கிறார்.