'வென்' பக்கத்துல 'வில்' ஏன் வராது? ரூல் சொன்ன வக்கீல் லிண்ட்லி மர்ரே யார்?

'வென் ஐ வில் கம்' என்று சொல்லி டீச்சரிடம் திட்டு வாங்கியவர்கள் நம்மில் ஏராளம். 'வென் ஐ கம்' என்பதுதான் சரி. இந்த விதியைப் பள்ளிப் புத்தகம் வழியாக ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர்களில் முக்கியமானவர் லிண்ட்லி மர்ரே. இத்தனைக்கும் அவர் டீச்சர் இல்லை, வக்கீல்!

யார் இந்த மர்ரே?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1745-ல் பிறந்தார். குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா வியாபாரி. மகனையும் கணக்குப் பார்க்க உட்கார வைத்தார். ஆனா மர்ரேவுக்கு அது பிடிக்கவில்லை, சட்டம் படித்தார். பின்னாளில் அமெரிக்காவின் முதல் தலைமை நீதிபதியான ஜான் ஜே, இவரோடு ஒரே வக்கீலிடம் தொழில் பழகியவர்.

முடக்கிய உடல்நிலை

உடல்நிலை மோசமானதால் 1784-ல் மனைவியோடு இங்கிலாந்து போய், யார்க் நகரை ஒட்டிய ஹோல்கேட்டில் குடியேறினார். தசைகள் பலவீனமாகி, நடப்பதே கஷ்டமானது. அந்த நேரத்தில்தான் யார்க்கில் இருந்த குவேக்கர் பெண்கள் பள்ளி ஆசிரியைகள், பாடம் நடத்த எளிமையான இலக்கணப் புத்தகம் கேட்டார்கள். 1795-ல் புத்தகம் வெளியானது. அப்போது அவருக்கு வயது 50.

அப்படி என்ன ரூல்?

வென், பிஃபோர், ஆஃப்டர், டில், ஆஸ் சூன் ஆஸ் போன்ற சொற்களுக்குப் பின்னால் வரும் நிகழ்கால வினை, இனி நடக்கப் போவதையும் குறிக்கும் என்று மர்ரே எழுதினார்.

உதாரணமா, 'ஆஃப்டர் த ரெயின் ஸ்டாப்ஸ், வீ வில் கோ'. மழை இன்னும் நிற்கவில்லை, ஆனாலும் 'ஸ்டாப்ஸ்'தான். எதிர்காலத்தை அடுத்து வரும் 'வில் கோ' சொல்லிவிடுகிறது. செயப்பாட்டு வினையிலும் இதே கதைதான். 'ஆஸ் சூன் ஆஸ் த பில் இஸ் பெய்ட்' என்பது சரி, 'வில் பி பெய்ட்' என்றால் தப்பு. 'எப்போ வருவ?' என்று நேரடியாகக் கேட்கும்போது மட்டும் 'வென் வில் யூ கம்' வரும்.

தமிழில் 'வரும்போது' என்கிறோம். அதில் உள்ள 'வரும்' எதிர்கால வடிவம். நமக்கு 'வில்' தானாக வந்து ஒட்டிக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

காப்பியா?

புத்தகத்தில் நிறைய விஷயங்கள் பிஷப் ராபர்ட் லௌத் போன்ற முன்னோடிகளிடமிருந்து எடுத்தவை. இது தொகுப்புதான் என்பதை மர்ரேவும் மறைக்கவில்லை. பிள்ளைகளுக்குப் புரியும்படி வரிசைப்படுத்தியதுதான் அவர் செய்த வேலை. அட்லாண்டிக்கின் இரண்டு பக்கமும் பல லட்சம் பிரதிகள் விற்றன. கிடைத்த பணத்தை நற்பணிகளுக்குக் கொடுத்தார்.

கடைசி வருஷங்களில் வீட்டை விட்டே வெளியே வர முடியாமல் இருந்த மர்ரே, 1826-ல் காலமானார். அவர் எழுதி வைத்த ரூலுக்கு இன்றைக்கும் பரீட்சையில் மார்க் உண்டு.