மிக்கைல் பார்க்லே டி தோலி

மிக்கைல் பார்க்லே டி தோலி (1761–1818) ரஷ்யப் பேரரசின் படைத்துறை உயர்தளபதியும் போர் அமைச்சரும் ஆவார். 1812 ஆம் ஆண்டு நெப்போலியன் ரஷ்யா மீது படையெடுத்தபோது, பெரும் போரைத் தவிர்த்து நாட்டின் உட்பகுதி நோக்கிப் பின்வாங்கும் உத்தியைக் கையாண்டவர் இவரே. அதற்காகவே துரோகி எனத் தூற்றப்பட்டார்.

தொடக்க காலம்

இவரது முன்னோர் ஸ்காட்லாந்திலிருந்து பால்டிக் பகுதியில் குடியேறியவர்கள். ஜெர்மன் மொழி பேசும் லூத்தரன் குடும்பத்தில் பிறந்த இவருக்குச் செல்வமோ உயர்குடிச் செல்வாக்கோ இருக்கவில்லை. துருக்கி, ஸ்வீடன், போலந்துப் போர்களில் பணியாற்றிப் படிப்படியாகவே உயர்ந்தார். 1807 இல் ஐலாவ் போரில் கையில் படுகாயமுற்றார். 1809 மார்ச்சில், உறைந்து கிடந்த பொத்னியா வளைகுடாவைப் பனிக்கட்டியின் மீது கடந்து சென்ற இவரது படை ஸ்வீடனின் உமேயோ நகரைக் கைப்பற்றியது. அதே ஆண்டில் பின்லாந்தின் ஆளுநராகவும் 1810 இல் போர் அமைச்சராகவும் நியமிக்கப்பட்டார்.

1812 ஆம் ஆண்டுப் போர்

1812 ஜூன் 24 அன்று நெப்போலியனின் படை நேமன் ஆற்றைக் கடக்கத் தொடங்கியது. அப்படையில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். எதிரே இருந்த ரஷ்யப் படைகளோ எண்ணிக்கையில் மிகக் குறைவு. அவையும் பிரிந்து நின்றன. முதலாம் மேற்குப் படை பார்க்லேயிடமும் இரண்டாம் படை பக்ரத்தியோனிடமும் இருந்தன. இருவருக்கும் மேலாக ஒரு தலைமைத் தளபதி நியமிக்கப்படவில்லை. பதவி மூப்பில் தனக்குக் கீழான ஒருவரின் சொற்படி நடப்பது பக்ரத்தியோனுக்குக் கசந்தது. பின்வாங்குவது அதைவிடக் கசந்தது.

ஆகஸ்டு தொடக்கத்தில் இரு படைகளும் ஸ்மொலென்ஸ்க் நகரில் இணைந்தன. அங்கு நடந்த போருக்குப் பின், எரிந்துகொண்டிருந்த நகரைக் கைவிட்டுப் பின்வாங்குமாறு பார்க்லே ஆணையிட்டார். படை அழியாமல் தப்பியது; ஆனால் தளபதியின் பெயர் அழிந்தது. அன்னியப் பெயரும் அதிகம் பேசாத இயல்பும் சந்தேகத்தை வளர்த்தன. படைவீரர்கள் அவரது பெயரையே திரித்துக் கேலி செய்தனர். இறுதியில் பேரரசர் முதலாம் அலெக்சாந்தர் குத்தூசொவைத் தலைமைத் தளபதியாக நியமித்தார். விந்தை என்னவெனில், அவரும் மேலும் சில நாட்கள் பின்வாங்கவே செய்தார். ரஷ்யப் பெயர் கொண்ட அவரை எவரும் துரோகி என்று கூறவில்லை.

செப்டம்பர் 7 அன்று பரதினோ போரில் பார்க்லே வலப்பக்கத்தையும் நடுப்பகுதியையும் வழிநடத்தினார். பதக்கங்கள் அணிந்த முழுச் சீருடையில், குண்டுமழை மிகுந்த இடங்களிலேயே அவர் காணப்பட்டார். சாவைத் தேடியே அவ்வாறு நின்றார் எனப் பலர் கருதினர். அவர் ஏறிய குதிரைகள் மாண்டன. அவருக்கோ காயம் இல்லை. சில நாட்களின் பின் ஃபிலி ஆலோசனைக் கூட்டத்தில், படையைக் காக்க மாஸ்கோவை விட்டுவிட வேண்டும் என்று வாதிட்டார். பின்னர் உடல்நலக் குறைவால் படையிலிருந்து விலகினார்.

பிற்காலம்

1813 இல் மீண்டும் அழைக்கப்பட்டு லைப்சிக் போரில் பங்கேற்றார். 1814 இல் பாரிஸ் வீழ்ந்தபோது பீல்டு மார்ஷல் ஆனார். மறு ஆண்டில் இளவரசர் பட்டமும் பெற்றார். 1818 மே மாதத்தில், சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் வழியில் கிழக்குப் பிரசியாவின் இன்ஸ்டர்பர்க் அருகே இறந்தார். அவரது கல்லறை மண்டபம் இன்றைய எஸ்தோனியாவில் உள்ளது.

கவிஞர் பூஷ்கின் 1835 இல் இவரைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். 1837 இல் சென் பீட்டர்ஸ்பேர்க்கின் கசான் பேராலயத்தின் முன் இவருக்கும் குத்தூசொவுக்கும் சிலைகள் திறக்கப்பட்டன.