அணையா அடுப்பு

தமிழகம் ஈன்ற அருளாளர் பலர். பாடி உருக்கியவர் உண்டு. வாதிட்டு வென்றவர் உண்டு. பசித்தவன் முகம் கண்டு அடுப்பு மூட்டி, அந்த அடுப்பையே தம் நெறியின் முதற்படியாக வைத்தவர் வடலூர் இராமலிங்க அடிகளார். அவரை வள்ளலார் என்று நாடு அழைப்பது எவ்வளவு பொருத்தம்!

சென்ற கோடை விடுமுறையில் அவர் வாழ்ந்த இடங்களைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஓடைப்பட்டியிலிருந்து எங்கள் குடும்பமும் என் நண்பன் குடும்பமுமாகப் பதினான்கு பேர் ஒரு வேனில் புறப்பட்டோம். தருமசாலைக்கென்று இரண்டு மூட்டை அரிசியும் தோட்டத்துத் திராட்சை சில பெட்டிகளும் உடன் வந்தன. திண்டுக்கல், திருச்சி, விருத்தாசலம் வழியாக நெய்வேலியைக் கடந்தால் வடலூர். மருதூர், கருங்குழி, வடலூர், மேட்டுக்குப்பம் ஆகிய நான்கு ஊர்களும் அருகருகே உள்ளன. எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான் ஒருவனே. ஆகவே ஆங்காங்கே உள்ள அறிவிப்புப் பலகைகளை எல்லோருக்கும் உரக்கப் படித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதலில் மருதூர். இங்கு 1823 அக்டோபர் 5 அன்று இராமையா பிள்ளைக்கும் சின்னம்மைக்கும் ஐந்தாவது குழந்தையாக அடிகளார் பிறந்தார். தந்தையார் ஊர்க் கணக்கர். குழந்தைக்கு ஓராண்டு நிறையுமுன்பே அவர் மறைந்தார். ஐந்து குழந்தைகளுடன் சின்னம்மையார் பொன்னேரிப் பக்கத்துக்கும், பின்னர்ச் சென்னைக்கும் குடிபெயர்ந்தார். இதைக் கேட்ட என் பாட்டி, அந்தத் தாய் ஐந்து வயிற்றை எப்படி நிரப்பினாளோ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இளமையிலேயே கணவரை இழந்து, களையெடுத்துப் பிள்ளைகளை வளர்த்தவர் அவர்.

சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் அண்ணன் சபாபதியின் ஆதரவில் இராமலிங்கர் வளர்ந்தார். அண்ணன் புராணச் சொற்பொழிவாளர். தம்பியோ பள்ளிப் படிப்பில் நாட்டமின்றிக் கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே கதியென்று கிடந்தார். அண்ணன் நோயுற்ற ஒருநாள், சிறுவனாகிய இவர் பெரியபுராணச் சொற்பொழிவாற்றி அவையோரை வியக்க வைத்தார் என்பர். குடும்பத்தார் விருப்பப்படி தமக்கை மகள் தனக்கோடியை மணந்தும், இல்லறத்தில் அவர் மனம் தோயவில்லை. நீதி தவறாத சோழ மன்னனின் வரலாற்றை மனுமுறை கண்ட வாசகம் என்னும் உரைநடை நூலாக 1854-இல் வெளியிட்டார். 1858-இல் சென்னையை நீங்கித் தென்திசை நடந்தார்.

கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் சுமார் ஒன்பது ஆண்டுகள் தங்கினார். எண்ணெய்க் கலயத்தில் இருந்த தண்ணீரை ஊற்றியும் விளக்கு விடிய விடிய எரிந்ததாக வழங்கும் நிகழ்ச்சி இவ்வீட்டிற்குரியதே. நீர் எப்படி எரியும் என்று நானும் நண்பனும் வேனில் நெடுநேரம் வாதிட்டோம். அறிவியல் மாணவர்கள் அல்லவா? பெரியவர்கள் எங்களை முறைத்தார்கள். அந்த வாதம் வடலூரில் தானே அடங்கிப் போயிற்று.

1865-இல் அவர் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். 1867 மே 23 அன்று, பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து அளித்த ஏறத்தாழ எண்பது காணி நிலத்தில் சத்திய தருமசாலையைத் திறந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அதை எரிய வைப்பவை சாதாரண விறகும், எங்கிருந்தோ மக்கள் கொண்டுவந்து இறக்கும் அரிசியுமே. தண்ணீரில் எரிந்த விளக்கைவிட, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் அணைய விடாத இந்த நெருப்பே பெரிய அதிசயம் என்று எனக்குத் தோன்றியது.

சாதி, சமயம், ஊர் எதுவும் கேளாமல் பசி ஒன்றையே தகுதியாகக் கொள்ள வேண்டும் என்பது அடிகளார் வகுத்த விதி. பசி வந்தால் அறிவு மயங்குவதையும், உடல் சோர்ந்து உறுப்புகள் தளர்வதையும் சீவகாருணிய ஒழுக்கம் என்னும் நூலில் படிப்படியாக விளக்கியிருக்கிறார். மருத்துவன் நோயைப் பார்ப்பதுபோல் அவர் பசியைப் பார்த்தார்.

பந்தியில் ஒரு நிகழ்ச்சி. என் பாட்டி பிறர் வீட்டில் கை நனைக்காதவர். நண்பன் வீடு வேறு தெரு. நாங்கள் இருவரும் ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்றாகப் படித்தும், இரு குடும்பமும் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்டதில்லை. வழிநெடுக இரண்டு கட்டுச்சோற்று மூட்டைகள் தனித்தனியே அவிழ்ந்தன. தருமசாலையிலோ, வரிசையாக உட்காரச் சொன்னார்கள். நண்பனின் தாயாருக்கு அருகில் பாட்டிக்கு இடம் கிடைத்தது. பாட்டி ஒரு கணம் தயங்கினார். பின் அமர்ந்து உண்டார். எவரும் எதுவும் பேசவில்லை. திரும்பும் வழியில் ஒரே மூட்டைதான் அவிழ்ந்தது.

அடிகளார்க்கு எதிர்ப்பும் இல்லாமலில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் 1867-இல் அவர் பாடல்கள் திருவருட்பாவாக வெளிவந்தபோது, யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கடுமையாக மறுத்தார். பூசல் வழக்கு மன்றம் வரை சென்றது. அடிகளார் தம் பணியை நிறுத்தவில்லை. முதியோரும் பயிலத் திருக்குறள் வகுப்புக்கு வழி செய்தார். எண்கோண வடிவில் சத்திய ஞானசபையை எழுப்பி, 1872 தைப்பூச நாளில் சோதி வழிபாட்டைத் தொடங்கினார். ஏழு திரைகளை நீக்கிக் காட்டும் அந்தச் சோதியைத் தைப்பூசந்தோறும் பெருங்கூட்டம் காண்கிறது. ஆயினும் தம் நெறியை மக்கள் முழுமனத்தோடு ஏற்கவில்லையே என்ற ஏக்கம் அவருக்கு இறுதிவரை இருந்தது.

1870 முதல் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் தங்கினார். 1873 அக்டோபரில் சன்மார்க்கக் கொடியை அங்கு ஏற்றினார். 1874 சனவரி 30 அன்று அறையினுள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. அதன்பின் அவரை எவரும் கண்டிலர். சோதியில் கலந்தார் என்று அன்பர்கள் போற்றுகின்றனர். அவர் மறைந்த இரண்டே ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பற்றிப் பல இலட்சம் உயிர்களைக் கொண்டு சென்றது. பசியே முதற்பகை என்று அவர் எச்சரித்தது எத்துணை உண்மையாயிற்று!

நண்பர்களே! காமராசர் ஆட்சியில் 1956-இல் விரிவடைந்த மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் இல்லையேல் நம்மில் எத்தனை பேர் இக்கல்லூரிக்கு வந்திருப்போம்? சத்துணவுத் தட்டை ஏந்தி வளர்ந்தவன் நான். ஆதலால் அந்த அடுப்பின் அருமை எனக்குத் தெரியும். சோறிடுவது அரசால் முடியும். அருகில் அமர்ந்து உண்பது நாம் மனம் வைத்தால்தான் முடியும். அடுத்த கல்விச் சுற்றுலாவிற்குப் பேராசிரியப் பெருமக்கள் வடலூரையும் தேர்ந்தெடுக்க வேண்டுகிறேன். ஆளுக்கு ஒரு படி அரிசி கொண்டு செல்வோம். ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு வருவோம்.