யாழைத் தேடிய அடிகளார்

யாழ்ப்பாணம், யாழ்ப்பாணம் என்று நாள்தோறும் எத்தனை முறை சொல்கிறோம்! கடிதத்தின் தலைப்பில் எழுதுகிறோம், பஸ்ஸின் நெற்றியில் வாசிக்கிறோம். பாணன் ஒருவன் யாழ் வாசித்து அரசனை மகிழ்வித்தான், அதற்குப் பரிசாக இந்த மணற்றிடலைப் பெற்றான் என்பது நம் பாட்டன்மார் சொல்லி வந்த கதை. ஆனால் அந்த யாழை நம்மில் யார் கண்டோம்? கோயிலில் திருப்பாடல் வாசிக்கப்படும்போது தாவீது அரசரின் யாழைப் பற்றிக் கேட்கிறோம். அப்போதும் நம் மனக்கண்ணில் வீணையோ, வேறேதோ ஒரு நரம்புக் கருவியோதான் வந்து நிற்கும். பெயரில் யாழை வைத்திருந்த ஊர், யாழைத் தொலைத்துவிட்டுப் பல நூற்றாண்டு காலம் கவலையின்றி இருந்தது.

அதைத் தேடிப் புறப்பட்டவர் யாழ்ப்பாணத்தவரல்லர். கிழக்கே, மட்டக்களப்புத் தமிழகத்தில் பிறந்தவர். அவரே விபுலாநந்த அடிகள்.

1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் காரைதீவில் சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். காரைதீவு கண்ணகி அம்மன் கோயில் கொண்ட ஊர். வைகாசி மாதம் வந்தால் கண்ணகி வழக்குரை பாடப்படும். சிலப்பதிகாரத்தை நாம் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காகப் படித்தோம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளோ அந்தக் கதையைப் பாட்டாகவே காதில் வாங்கி வளர்ந்தவர்கள். பின்னாளில் இவர் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்ட நூலும் அந்தச் சிலப்பதிகாரமே என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. நிலாக் காலத்து இரவுகளில், காற்று அடங்கிய நேரத்தில், கல்லடிப் பாலத்தருகே தோணியில் போய்த் துடுப்பை நீரில் இறக்கி, அதன் மறுமுனையில் காதை வைத்தால் நரம்பைத் தட்டியது போன்ற ஒலி எழும் என்பார்கள். பாடும் மீன் என்று ஊரார் சொல்வது இதைத்தான். மீன்தான் பாடுகிறதா, சிப்பி பாடுகிறதா என்ற வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. அடிகளார் அந்த ஒலியை வேடிக்கையாக விட்டுவிடவில்லை. அதைச் சுரமாகக் கேட்டார். நீருக்குள் இருந்து நீரரமகளிர் பாடுவதாகக் கற்பனை செய்து கவிதையும் புனைந்தார். ஒலியைக் கேட்டதும் அதன் அளவைத் தேடுவதும், அளவைக் கண்டதும் கவிதைக்குத் திரும்புவதும் அவருக்கு இயல்பாகவே இருந்தன.

அளவு தேடும் பழக்கம் பள்ளிக்கூடத்தில் வந்தது. மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியை அக்காலத்தில் இயேசு சபைக் குருக்கள் நடத்தி வந்தனர். அங்கே கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் கற்று, 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். வயது பதினாறு. பிறகு கொழும்பில் ஆசிரியப் பயிற்சி, விஞ்ஞான டிப்ளோமா. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டம். 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்து பி.எஸ்ஸி. பட்டம். தமிழ்ப் பண்டிதர் விஞ்ஞானம் அறியார், விஞ்ஞானப் பட்டதாரி தமிழைத் திரும்பியும் பாரார் என்றிருந்த காலம் அது. இரண்டு படிப்பும் ஒரே மனிதரிடம் சேர்ந்தது நம் பாக்கியம். யாழ் நூல் பிறந்தது அந்தச் சேர்க்கையில்.

நம் பக்கம் அவர் வந்தது 1917இல். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகச் சேர்ந்தார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமை ஆசிரியரானார். மானிப்பாயிலிருந்து சுன்னாகம் என்ன தூரம்? சைக்கிளில் ஒரு மிதி. அக்காலத்துச் சுன்னாகமோ சந்தைக்கு மட்டும் பேர்போன ஊரன்று. குமாரசுவாமிப் புலவர் வாழ்ந்துகொண்டிருந்த ஊர். 1921இல் சதாசிவ ஐயர் முதலியோர் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தைத் தொடங்கினர். பிரவேச, பால, பண்டித பரீட்சைகளை நடத்தி, மதுரைக்குப் போகாமலே நம் நாட்டில் பண்டிதராகலாம் என்ற நிலையை உண்டாக்கிய சங்கம் அது. அதன் தொடக்கத்தில் முன்னின்று உழைத்தவர்களுள் மானிப்பாய்த் தலைமை ஆசிரியரான மயில்வாகனனாரும் ஒருவர். அதே ஆண்டில் சுன்னாகத்தில் பிராசீன பாடசாலையும் எழுந்தது. புன்னாலைக்கட்டுவன் கணேசையர் அங்கே தலைமைப் பண்டிதராயிருந்து படிப்பித்தார். பழைய ஏட்டை இறுதி எழுத்துவரை பொருள் தெரிந்து படிப்பதே அந்த வட்டாரத்தின் வழக்கம். யாழ் நூலின் ஏட்டைப் புரட்டுகிறவர்களுக்கு அந்த வாசனை இலேசாக வரத்தான் செய்யும்.

ஆனால் சுன்னாகமும் மானிப்பாயும் அவரை நெடுநாள் பிடித்து வைக்க முடியவில்லை. 1922இல் பதவியை விட்டு மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துக்குப் போனார். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார். வீடு, உறவு, சம்பளம் எல்லாம் போயின. இசை மட்டும் போகவில்லை. துறவிக்கு இது தகுமா என்று கேட்டவர்களும் இருந்திருக்கலாம். கேட்டிருந்தாலும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. 1926இல் சேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்க்கும் மதங்க சூளாமணி வெளிவந்தது. நாடகத்துக்காகப் பழைய நூல்களைத் துருவியபோது எதிர்ப்பட்டது கூத்தும் இசையும் கலந்த ஓர் உலகம். அங்கேதான் யாழ் அவரைப் பிடித்துக்கொண்டது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் இலக்கணம் கூறும் சில அடிகள் உண்டு. உரையாசிரியர்கள் அவற்றுக்குப் பொருள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த உரைக்கே இன்னோர் உரை வேண்டியிருந்தது. யாழ் வழக்கொழிந்த பின் வந்தவர்களுக்கு நரம்பு, பாலை, அலகு எல்லாம் சொற்களாக மட்டுமே கிடைத்தன, ஓசையாகக் கிடைக்கவில்லை. அந்தச் சில அடிகளுக்கு விளக்கம் காண்பதற்கு அடிகளார் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகளைக் கொடுத்தார்.

கேட்டறியாத ஓசையை எப்படித் தேடுவது? வாசகர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சிறு சோதனையால் இதை விளக்கலாம். மூன்று அடி நீளக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டித் தட்டுங்கள். பின் அதன் சரிபாதியில் விரலை அழுத்தித் தட்டினால் அதே சுரம் மேல் தாயியில் கேட்கும். இரண்டு அடியில் அழுத்தினால் ஐந்தாம் சுரம். நம் முன்னோர் அதை இளி என்றார்கள். இரண்டேகால் அடியில் நான்காம் சுரமாகிய உழை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழும் இவ்வாறு எண்களில் அடங்கும். கிரேக்க நாட்டில் பிதாகொரசுவும் இந்த வழியில் போனவரே. பழைய உரைகள் தாயி ஒன்றை 22 அலகாகப் பகுத்ததை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நரம்பும் எந்த அளவில் ஒலித்திருக்க வேண்டும் என்று அடிகளார் பக்கம் பக்கமாகக் கணக்கிட்டார். பள்ளிக்கூடத்துப் பௌதிகமும் பண்டிதப் பரீட்சைத் தமிழும் ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்தன. அமராவதிச் சிற்பங்களில் வில்போல் வளைந்த யாழைக் கையிலேந்திய மகளிரைக் காணலாம். வடிவத்தைச் சிற்பம் தந்தது. ஓசையைக் கணக்கு தந்தது.

அவருக்கு முன் இத்துறையில் இறங்கியவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் என்ற கிறிஸ்தவ மருத்துவர். 1917இல் வெளிவந்த அவரது கருணாமிர்த சாகரம், தாயியில் 24 சுருதி உண்டென்று வாதிட்டது. அடிகளாரின் கணக்கோ 22இல் நின்றது. எது சரி என்று நாம் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. ஒரு மருத்துவரும் ஒரு துறவியும், யாரும் கேளாமல், தம் வாழ்நாளை இந்த எண்களுக்குக் கொடுத்தார்களே என்பதுதான் வியப்பு.

வேறு கடமைகளும் அவரை விடவில்லை. இராமகிருஷ்ண சங்கப் பள்ளிக்கூடங்களின் பொறுப்பு, கலைச்சொல்லாக்கம், இமயமலைச் சாரலில் மாயாவதியில் பிரபுத்த பாரதம் என்ற ஆங்கிலச் சஞ்சிகையின் ஆசிரியப் பணி, 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் பதவி என்று ஓடிக்கொண்டே இருந்தார். உடம்பு தேய்ந்தது. புதுக்கோட்டையில் அன்பர் ஒருவரின் ஆதரவில் தங்கி நூலை முடித்தார். அந்தச் சீமையில்தான் பல்லவர் காலத்து இசைக் கல்வெட்டு குடுமியாமலைப் பாறையில் இருக்கிறது.

கரந்தைத் தமிழ்ச் சங்கம் யாழ் நூலை அச்சிட்டது. பாயிரவியல் தொடங்கி ஒழிபியல் வரை ஏழு இயல்கள். 1947ஆம் ஆண்டு ஜூன் 5, 6ஆம் நாள்களில் தஞ்சை மாவட்டத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம் நடந்தது. அடிகளாரின் கணக்கின்படி செய்யப்பட்ட யாழ்களை ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள். யாழ் மீட்டப்பட்டது. பல நூற்றாண்டாக உரைகளுக்குள் ஊமையாகக் கிடந்த நரம்பு சபை நடுவே ஒலித்தபோது, நோயால் தளர்ந்திருந்த அந்தத் துறவி எதிரே அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவருக்குக் கிடைத்தவை ஆறு வாரங்களே. 1947 ஜூலை 19ஆம் நாள் கொழும்பில் உயிர் பிரிந்தது. வயது 55.

உள்ளதை உள்ளபடி சொல்வதானால், யாழ் நூல் எளிதில் படிக்கத்தக்க நூலன்று. கணக்குப் பக்கங்களில் தமிழாசிரியர்கள் தடுமாறுவார்கள். செய்யுள் பக்கங்களில் விஞ்ஞானம் படித்தவர்கள் தடுமாறுவார்கள். இன்ன பாலை இன்ன இராகந்தானா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். யாழும் வீணையைப் போல வீடுதோறும் வந்துவிடவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. யாழில் நரம்புக்கு ஒரு சுரம். மெட்டுகள் பதித்த வீணையிலோ ஒரே தந்தியில் பல சுரங்களைப் பிறப்பிக்கலாம், கமகமும் காட்டலாம். பழங்காலத்தில் யாழை வீணை வென்றதும் இந்த வசதியால்தான் எனலாம்.

சுன்னாகத்துக்கு அயலே மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரி பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கே வீணையும் வயலினும் மிருதங்கமும் பயிலும் பிள்ளைகள் பண்ணிசைக்கும் இசை வரலாற்றுக்கும் வரும்போது அடிகளாரின் பெயரைக் கேட்காமல் தாண்ட முடியாது. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவருடைய உடல் கல்லடி உப்போடையில், அவர் 1929இல் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளவிலே, ஒரு மரத்தடியில் அடக்கம் செய்யப்பட்டது. பாடும் மீன் கேட்பதாகச் சொல்லப்படும் பாலத்தடிக்கு அங்கிருந்து சிறு நடை தூரம்.